தம்பி மாத்திரை

1

காலை ஏழரைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும் இன்னும் அப்படியே இருக்கின்றன. கழுத்தில் அறுவை செய்து இன்றோடு ஒரு வருஷம். வருஷம் முடிந்ததும் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்று அப்போதே கடிதம் கொடுத்திருந்தார்கள். போன மாதம் அதை நினைவூட்டி இன்னொரு கடிதம். போன வாரம் அந்தக் கடிதம் கிடைத்ததா என்று கேட்டு மூன்றாவது கடிதம். ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இங்கே எனக்கு வந்த கடிதங்களை மட்டும் அடுக்கினால் வீட்டுப் பரண் கொள்ளாது.

மனிதர் எல்லாருக்கும் கழுத்தில், தைராய்டு சுரப்பியின் முதுகில் ஒட்டிக்கொண்டு, நெல்மணி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் உண்டு. பாராதைராய்டு என்று பெயர். பெயரில்தான் தைராய்டு, வேலை வேறு. எனக்கு இப்போது மூன்றுதான் இருக்கின்றன. நாலாவது கொண்டைக்கடலை மாதிரி வீங்கிப்போய், சுரக்க வேண்டியதற்கு மேல் சுரந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் என் கழுத்தைப் பற்றிச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அக்காவின் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா பெயர் பாண்டியம்மா. கம்பத்துக்குப் பக்கத்தில் சுருளிப்பட்டியில் இருக்கிறாள். அவளும் மச்சானும் திராட்சை போட்டிருக்கிறார்கள். எனக்கு வந்தது அவளுக்கும் வந்திருந்தது. எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே வந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க விடாமல் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எப்படியெல்லாம் பாடுபட்டோம் என்பதுதான் கதை.

2

எனக்கு இங்கே ஒரு காகித ஆலையில் மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வயதிலிருந்து ஒரு சோர்வு பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்தால் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்வேன். கையில் ஸ்பானரை வைத்துக்கொண்டே ஸ்பானரைத் தேடுவேன். அதோடு அழுகை. கடையில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த திராட்சைப் பெட்டியைப் பார்த்து, காய்கறித் தராசுக்குப் பக்கத்தில் நின்று அழுதிருக்கிறேன். ஒரு ஜெர்மன் கிழவி கைக்குட்டை கொடுத்தாள்.

"ஊரு நெனப்பு வந்துருச்சு உங்களுக்கு. ஒரு நட போய்ட்டு வாங்க," என்றாள் என் மனைவி சாந்தி. நானும் அப்படித்தான் நம்பினேன். இங்கே பொங்கலுக்குக் கூடுகிற நம்மாட்கள் எல்லாருக்கும் அந்த வியாதி இருப்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊரைப் பற்றி இணையத்தில் நான் உருகி உருகி எழுதி, நீங்களும் படித்துக் கண் கலங்கினீர்களே, அந்தக் குறிப்புகளில் பாதிக்குக் காரணம் ரத்தத்தில் ஏறிய கால்சியம். மன்னிக்க வேண்டும்.

அப்புறம் ஊருக்கும் போனேன். அக்காவும் மச்சானும் எங்களை வைகை அணைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். பூங்காவில் எல்லாரும் சுற்றிப் பார்க்க, நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். வழியில் நாலு இடத்தில் காரை நிறுத்தி ஒன்றுக்குப் போனேன். தண்ணீர் பாட்டிலைக் கையை விட்டு இறக்கவில்லை. "ஜெர்மன்காரனுக்கு நம்ம வெயிலு ஒத்துக்கிறல," என்று மச்சான் முடிவு கட்டினார். ஊருக்கு வந்தும் தீராதது எப்படி ஊர் நினைப்பாகும் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. திரும்பி வந்து, மூன்று வாரம் போதவில்லை என்று எழுதினேன்.

3

கடைசியில் காட்டிக்கொடுத்தது ஒரு சிறுநீரகக் கல். ஆலையில் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தபோது இடுப்பில் பிடித்தது. எழுந்திருக்க முடியவில்லை. ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போனார்கள். கல்லை உடைத்து எடுத்து அனுப்பிய பிறகு எங்கள் குடும்ப டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சதைப்பிடிப்பான, நிதானமான அம்மாள். கால்சியம் கூடுதலாக இருக்கிறது, இன்னொரு முறை பார்ப்போம், அதோடு பாராதைராய்டு ஹார்மோனையும் பார்ப்போம் என்றார். இரண்டும் ஏறியிருந்தன.

அங்கிருந்து ஆரம்பித்தது காகிதம். சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஒரு சீட்டு, ஸ்கேனுக்கு ஒரு சீட்டு, எலும்பு அடர்த்தி பார்க்க ஒரு சீட்டு. ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லி ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன். அதை ஒரு துணிப்பைக்குள் மறைத்து டிராமில் கொண்டுபோனேன். பக்கத்து சீட்டுக்காரர் ஆப்பிள் ஜூஸா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சிறப்பு மருத்துவர் முதலில் கேட்ட கேள்விக்கே தப்பாகப் பதில் சொன்னேன். உங்களுக்கு என்ன உபாதைகள் என்று கேட்டார். ஜெர்மனில் அந்தச் சொல்லுக்குப் புகார் என்றும் பொருள் உண்டு. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "புகார் ஒன்றும் இல்லை. இங்கே எல்லாரும் என்னை நன்றாகத்தான் நடத்துகிறார்கள்," என்றேன். வெளிநாட்டில் வாழ்கிறவனுக்குப் புகார் என்ற சொல்லைக் கேட்டாலே வாய் தானாக நன்றி சொல்லிவிடும்.

வீட்டுக்கு வந்த மூன்று பக்க அறிக்கையை எனக்குப் புரியவைத்தது மகள் கயல். பத்தொன்பது வயது. வேறு நகரத்தில் படிக்கிறாள். மாதம் ஒரு முறை வந்தால் அதிகம். வந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டு ஜெர்மனில் சிரிப்பாள். தமிழில் நாம் ஒன்று கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். சின்ன வயதில் ஆபீஸ்களுக்கு எனக்காகப் பேச வந்து வந்து அலுத்துப்போனவள். அந்த அறிக்கையை மட்டும் வரி வரியாகப் படித்தாள். ஒரு தாளில் படம் போட்டாள்.

அவள் சொன்னதை நான் நம்மூர்க் கணக்கில் இப்படிப் புரிந்துகொண்டேன். எலும்புதான் கண்மாய். ரத்தம் வாய்க்கால். வாய்க்காலில் கால்சியம் குறைந்தால் மடையைத் திறந்துவிடுவது இந்தச் சுரப்பியின் வேலை. நிறைந்ததும் மூட வேண்டும். என் சுரப்பி மூடவே இல்லை. வாய்க்கால் வழிந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படிந்தது. கண்மாய் வற்றிக்கொண்டு வந்தது. சோர்வு, மறதி, அழுகை, மலச்சிக்கல், தாகம் எல்லாம் அந்த வழிந்த தண்ணீர் செய்த வேலை.

ஊரில் இந்த ஹார்மோன் ஏறியிருக்கிறது என்று தாளில் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. வைட்டமின் டி குறைந்தாலும், சிறுநீரகம் பழுதுபட்டாலும் இது ஏறும். அப்போது கால்சியம் குறைவாகவோ சரியாகவோ இருக்கும். அதற்கு வைத்தியம் வேறு. கால்சியமும் ஏறி ஹார்மோனும் ஏறியிருந்தால்தான் சுரப்பியைச் சந்தேகிக்கிறார்கள். இதெல்லாம் எனக்கு டாக்டர்கள் சொல்லி, மகள் மொழிபெயர்த்தது. உங்கள் டாக்டரிடம் உங்கள் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

வழி மூன்று என்றார்கள். தொந்தரவு இல்லாதவர்கள் அவ்வப்போது ரத்தமும் எலும்பும் பார்த்துக்கொண்டு, நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். அறுவை தாங்காதவர்களுக்கு ரத்தத்துக் கால்சியத்தை இறக்க ஒரு மாத்திரை உண்டு, ஆனால் அது எலும்பைக் காப்பாற்றாது. எலும்புக்குத் தனி மருந்து. மூன்றாவது, கெட்டுப்போன சுரப்பியை எடுத்துவிடுவது. எனக்குக் கல் வந்துவிட்டது, மணிக்கட்டு எலும்பு மெலிந்துவிட்டது, அதனால் எடுப்பதே நல்லது என்றார் டாக்டர். குரல்வளை நரம்பு பக்கத்தில் ஓடுகிறது, அபூர்வமாகக் குரல் மாறலாம் என்றும் சொன்னார். பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டாம் என்றார். அப்புறம் இரண்டு கேள்வி கேட்டார்.

"கால்சியம் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?"

"ஆமாம். தினமும். எலும்புக்கு நல்லதென்று."

"நிறுத்துங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது சிறுநீரகக் கல்?"

"யாருக்கும் இல்லை," என்றேன் உறுதியாக.

4

அந்தக் கால்சியம் மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இங்கே எந்தக் கடைக்குப் போனாலும் நீளக் குழாயில் அடைத்த மாத்திரை கிடைக்கும். தண்ணீரில் போட்டால் பொங்கி, ஆரஞ்சு நிறமாகி, சோடா மாதிரி ஆகிவிடும். விலை மலிவு, பெட்டியில் இடம் அடைக்காது, உடையாது. வெளிநாட்டிலிருந்து போகிறவனுக்கு இதைவிட வசதியான பரிசு கிடையாது. சாக்லேட் சின்னவர்களுக்கு, இந்தக் குழாய் பெரியவர்களுக்கு. எலும்புக்கு நல்லது என்று சொல்லிக் கொடுத்தால் வாங்குகிறவர் முகமும் மலரும். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு பயணத்திலும் அக்காவுக்குப் பன்னிரண்டு குழாய் கொண்டுபோயிருக்கிறேன். நான் போகாத வருஷம் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அக்கா அதற்கு வைத்த பெயர் தம்பி மாத்திரை. காலை பதினோரு மணிக்குத் திராட்சைப் பந்தலில் இருந்து வந்து கை கால் கழுவிவிட்டு ஒரு டம்ளரில் போடுவாள். பொங்கி அடங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்ப்பாள். யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களுக்கும் அரை டம்ளர் உண்டு. "ஏந் தம்பி அங்கன இருந்து அனுப்புனது. இதக் குடிச்சுத்தேன் நான் நடமாடுறேன்," என்பாள். கேட்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் நிறுத்தச் சொன்ன அன்று, அடுத்த பயணத்துக்கு வாங்கி வைத்திருந்த குழாய்களை அலமாரியில் பார்த்தேன். இந்த வருஷம் வேறு ஏதாவது கொண்டுவருகிறேன் என்று மச்சானிடம் சும்மா ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போன் செய்தேன். மச்சான் குமுளிச் சந்தைக்குப் போய்ப் போய் மலையாளம் ஒட்டிக்கொண்ட மனிதர். பரவாயில்லை என்பதற்குச் சாரமில்ல என்பார்.

"சாரமில்ல மாப்ள," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "அந்த மாத்திரை வராட்டித்தேன் நல்லதோ என்னமோ. அவளுக்கு ரெண்டு தடவ கல்லு வந்துருச்சு. தேனில வச்சுத்தேன் எடுத்தாக."

"எப்ப மச்சான்?"

"ஒண்ணு நாலு வருசம் முந்தி. ஒண்ணு போன ஐப்பசில. பந்தல்ல கொத்து வெட்டையில கை ஊனி விழுந்து மணிக்கட்டு வேற ஒடஞ்சு கட்டுப் போட்டுருந்துச்சு. ஒங்கிட்டச் சொன்னா ஏரோப்ளான் ஏறி வந்துருவன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. நான் சொன்னேன்னு சொல்லிப்புடாத."

எனக்குக் கல், அவளுக்கு இரண்டு கல். எனக்கு மணிக்கட்டு மெலிந்திருக்கிறது, அவளுக்கு உடைந்தேவிட்டது. அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நான் அனுப்பிய மாத்திரையை ஒரு நாள் விடாமல் குடித்தவள்.

மறுநாள் டாக்டரிடம் ஓடினேன். நான் கொடுத்ததால்தான் வந்ததா என்று கேட்டேன். இல்லை, சுரப்பி தானாகத்தான் வளரும், மாத்திரை அதை வளர்க்காது, ஆனால் கால்சியம் ஏறியிருக்கிறவருக்கு மேலே மேலே கொடுப்பது நல்லதல்ல என்றார். பெரும்பாலும் இது குடும்ப வழியில் வருவதில்லை, சில குடும்பங்களில் வருவதுண்டு, உங்கள் அக்கா ரத்தம் பார்க்க வேண்டும், தள்ளிப்போட்டால் சிறுநீரகம் கெடும் என்றார்.

5

அக்காவை ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

"எனக்கு என்னலே? நல்லாருக்கேன்," என்றாள். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு போனிலும் இதைத்தான் சொல்கிறாள். மூச்சிரைக்கச் சொல்வாள், தொண்டை கட்டிக்கொண்டு சொல்வாள், இப்போது தெரிகிறது, கையில் கட்டுப் போட்டுக்கொண்டும் சொல்லியிருக்கிறாள்.

"இல்லக்கா, அந்த மாத்திரை சரியில்லைன்னு பேப்பர்ல போட்ருக்கான். அத நிறுத்திரு. சும்மா ஒரு தடவ ரத்தம் பாத்துரு."

"பேப்பர்க்காரனுக்கு வேற வேல இல்ல. ஒம் மாத்திரைய நிறுத்துனா நான் படுத்துருவேன்லே."

மூன்று வாரம் இப்படியே போனது. கல் விஷயம் எனக்குத் தெரியும் என்று சொன்னால் மச்சான் மாட்டிக்கொள்வார். எனக்கு வந்திருப்பதைச் சொன்னால் அக்கா அங்கே சாப்பிடாமல் கிடப்பாள். நான் அவளிடம் எதையுமே சொல்லவில்லை. கல்லையும் சொல்லவில்லை, ஆம்புலன்ஸையும் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவன் வீட்டுக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வதை நாங்கள் எல்லாரும் ஒரு நல்ல குணம் என்றே நினைத்திருக்கிறோம். அதே குணத்தை அக்கா தன் பங்குக்குக் காட்டியிருக்கிறாள் என்றதும் எனக்குக் கோபமாக வந்தது.

அதற்குள் எனக்கு அறுவைத் தேதி வந்துவிட்டது. முந்தின ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டேன். அக்கா பந்தலுக்கு அடியில் கூடையோடு நின்றாள்.

"அக்கா, எனக்குக் கழுத்துல ஆபரேசன். வர்ற வியாழக்கெழம."

கூடையைக் கீழே வைத்தாள். "புத்துநோயாலே?"

"சத்தியமா இல்லக்கா. ஒரு சின்னச் சொரப்பி. அதுனால எனக்குக் கல்லு வந்துச்சு."

"கல்லு வந்துச்சா? எங்கிட்ட ஏன்லே சொல்லல?"

"நீ ஒங் கல்ல எங்கிட்டச் சொன்னியா?"

அவள் மெதுவாகத் திரும்பி, பின்னால் மருந்தடித்துக்கொண்டிருந்த மச்சானைப் பார்த்தாள். "இந்த மனுசன் சொல்லிட்டாகளாக்கும்," என்றாள். மச்சான் பந்தலின் மறுகோடிக்கு நகர்ந்துவிட்டார். பிறகு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

கண்ணைத் துடைத்ததும் அவள் முதலில் செய்த காரியம் நேர்ந்துகொண்டது. "வீரபாண்டி ஆத்தாளுக்கு நேந்துக்கிறேன். நீ கண்ணு முழிக்கிற வரைக்கும் எனக்குப் பச்சத்தண்ணி பல்லுல படாது."

"அக்கா, கல்லு வர்ற ஒடம்புக்குத் தண்ணிதான் மருந்து. அத விடாத."

"எனக்கு என்ன, புதுசாலே? நீ ஏரோப்ளான் ஏறுன வருசத்துல இருந்து வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அப்பிடித்தேன் இருக்கேன். பொழுது விழுந்துதேன் தண்ணி."

இதுவும் எனக்குத் தெரியாது. நான் இங்கிருந்து கால்சியத்தை அனுப்ப, அவள் அங்கே எனக்காகத் தண்ணீரை விட்டிருக்கிறாள். பதினெட்டு வருஷத்துக்கு எத்தனை வெள்ளிக்கிழமை! கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலில், பந்தலில் நாள் முழுக்கக் கையைத் தூக்கி வேலை செய்துகொண்டு, சொட்டுத் தண்ணீர் இல்லாமல். பாசம் என்ற பெயரில் இரண்டு பேரும் ஒருவர் சிறுநீரகத்தை ஒருவர் நன்றாகவே கவனித்திருக்கிறோம்.

"நேந்தத மாத்த வேணாம்க்கா. கூட ஒண்ணு சேத்துக்க. வெறும் வயித்தோடதான இருக்கப் போற? அன்னைக்கு எனக்காக ஒரு குப்பி ரத்தமும் குடுக்குறேன்னு நேந்துக்க. நீ குடுத்தாத்தான் எனக்குத் தைரியம்."

அது பாதி பொய், பாதி உண்மை. குரல் போய்விடுமோ என்று உள்ளூர நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். அக்கா யோசித்தாள்.

"ஊசி பெருசா இருக்குமாலே?"

"சின்ன ஊசிதான்."

மறுநாள் அவளே கூப்பிட்டாள். "பூசாரிகிட்டக் கேட்டேன். ஒடம்புக்கு முடியாதவக தண்ணி குடிக்கலாம், குத்தமில்லன்னு சொன்னாக. வெள்ளிக்கெழமைக்கும் சேத்தே கேட்டுக்கிட்டேன்." இத்தனை டாக்டர்கள் சொல்லியும் நடக்காததைப் பூசாரி ஒரு வாக்கில் முடித்துவைத்தார். அவருக்கு இந்த ஜென்மம் முழுக்க நன்றியோடு இருப்பேன்.

6

அறுவைக்குக் கழுத்தின் அடியில், சட்டைக் காலரில் மறைகிற இடத்தில் ஒரு சின்னக் கீறல். சுரப்பியை எடுத்த கையோடு ரத்தம் எடுத்து ஹார்மோன் இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் தையல் போட்டார்களாம். கண் விழித்தபோது கயல் பக்கத்தில் இருந்தாள். "அப்பா, பேசு," என்றாள். "தமிழ்ல பேசுறியே," என்றேன். தவளை மாதிரி இருந்தது, ஆனால் குரல்தான். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள், பிறகு ஜெர்மன் பேச்சுக்கே திரும்பிவிட்டாள்.

மறுநாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. இத்தனை நாள் இழந்ததை எலும்பு அவசரமாக இழுத்துக்கொள்வதால் ரத்தத்தில் கால்சியம் இறங்குகிறது, பயப்பட வேண்டாம், சில வாரங்களுக்குக் கால்சியம் சாப்பிடுங்கள் என்று கொடுத்தார்கள். எதைக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதே பொங்குகிற மாத்திரை. அக்கா வீடியோவில் வந்த நேரம் பார்த்து டம்ளர் பொங்கிக்கொண்டிருந்தது.

"ஏலே, என்னாது அது?"

"மாத்திரைக்கா."

"எனக்கு வேணாம்னு நிறுத்திப்பிட்டு நீ மட்டும் குடிக்கியா? நல்ல தம்பிலே நீ!"

விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. அவள் நம்பினாளா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தாள். வியாழக்கிழமை காலையில் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கம்பத்துக்கு பஸ் ஏறிப்போய் லேப்பில் ரத்தம் கொடுத்திருந்தாள். இந்த ஹார்மோனை அங்கே பார்க்க முடியாது என்று ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்கு அனுப்பினார்களாம். "என் ரத்தம் ஏசில போச்சுலே," என்றாள் பெருமையாக.

நான்கு நாளில் முடிவு வந்தது. மச்சான் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினார். கால்சியம் என்னுடையதைவிடக் கூடுதல். ஹார்மோன் என்னுடையதைப் போல இரண்டு பங்கு.

7

அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடிவிட்டது. தேனியில் ஒரு டாக்டர் பார்த்து, வைட்டமின் டி குறைவாக இருக்கிறதென்று முதலில் அதைச் சரி செய்தார். மறுபடி ரத்தம். மதுரையில் ஸ்கேன். அறுவைதான் நல்லது என்று அங்கேயும் சொன்னார்கள். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தாள். முதலில் திராட்சை வெட்டு முடியட்டும் என்றாள். பிறகு கொடிகளை வெட்டிவிடுகிற கவாத்து. பிறகு வீரபாண்டித் திருவிழா. பிறகு நாத்தனார் பேத்தி சடங்கு. நல்லாருக்கேன், நல்லாருக்கேன் என்றுகொண்டே இருந்தாள். தம்பி மாத்திரையை மட்டும் விட்டிருந்தாள்.

நான் நேரில் போய் இழுத்துக்கொண்டு போகலாம் என்றால் என் குடியிருப்பு அட்டை காலாவதியாகிவிட்டது, புதிது வரவில்லை. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆபீசுக்கு எழுதினால், உங்கள் கடிதம் கிடைத்தது என்று கடிதம் வந்தது.

கடைசியில் கயல்தான் பேசினாள். அவளாகவே, என்னிடம் கேட்காமல். அத்தையை வீடியோவில் கூப்பிட்டு, எனக்குப் போட்ட அதே படத்தைக் காட்டி, தன்னுடைய உடைந்த தமிழில் சொல்லியிருக்கிறாள். "அத்தை, உங்க எலும்பு காலி ஆகுது. நீங்க நல்லா இருக்கேன் சொல்றது பொய். அப்பாவும் பொய் சொன்னாங்க. நான் அப்பாவைத் திட்டினேன். உங்களையும் திட்டுறேன்."

அக்கா எனக்குப் போன் செய்தாள். "ஒம் மக என்னையப் பொய்க்காரின்னுட்டாலே," என்றாள். குரலில் கோபம் இல்லை. "அவ பேசுறது பாதி வெளங்கல. ஆனா எங்கப்பன் பேசுற மாரியே பேசுறா. ஒம் மச்சான மதுரைக்குப் போய் ஆபரேசனுக்குத் தேதி கேட்டுட்டு வரச் சொல்லிருக்கேன்."

உடம்பு தேறியதும் ஊர் நினைப்பு போய்விட்டதா என்று நண்பர்கள் கேலியாகக் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன். காய்கறித் தராசுக்குப் பக்கத்தில் நின்று அழுவது நின்றுவிட்டது. ஸ்பானர் வைத்த இடத்தில் இருக்கிறது. அக்காவைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை, அது சுரப்பியில் இருந்து வந்ததில்லை போலிருக்கிறது.

8

முந்தாநாள் மதுரையில் அக்காவுக்கு அறுவை நடந்தது.

ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். கயல் முதல் நாளே ரயிலேறி வந்திருந்தாள். மேஜையில் போனை வைத்துவிட்டு மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சாந்தி இரண்டு முறை டீ போட்டாள். அக்காவுக்கு வயது அறுபத்து நாலு, மயக்க மருந்து ஒத்துக்கொள்ளுமோ, குரல் வருமோ, நான் போட்ட கட்டாயத்தில்தான் அங்கே படுத்திருக்கிறாள் என்றெல்லாம் ஓடியது. மத்தியானம் ஒரு மணிக்கு மச்சான் கூப்பிட்டார்.

"முடிஞ்சிருச்சு மாப்ள. ஒண்ணுதேன் வீங்கியிருந்துச்சாம், எடுத்துட்டாக. அந்த ஹார்மோன் எறங்கிருச்சுன்னு உள்ளயே பாத்துச் சொன்னாக. முழிச்சுட்டா. இந்தா, பேசணும்ங்கிறா."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. யாரோ எதையோ நகர்த்தினார்கள். பிறகு மூச்சு. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டு, சரி அக்கா என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"தம்பி," என்றாள். கரகரத்திருந்தது, ஆனால் அவள் குரல்தான். "வலிக்குதுலே."

என் ஐம்பத்தைந்து வயதில் அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"எங்கன வலிக்குதுக்கா? சொல்லு," என்றேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். கழுத்து, தொண்டை, ஊசி குத்தின கை, அன்றைக்கு உடைந்த மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் ஒன்றுக்கும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.